ஹைட்ரஜன் எஃகு ஆலையில் வேலை வேண்டுமா? 54 கிலோ கணக்கைப் போட்டுப் பழகுங்கள்

சென்ற ஆண்டு ஓர் இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பாஞ்ச் அயர்ன் பிளான்ட் ஒன்றுக்கு ப்ராசஸ் இன்ஜினீயர் தேர்வு. வந்தவர்கள் பன்னிரண்டு பேர். ஒன்பது ரெஸ்யூமேக்களில் ‘கிரீன் ஹைட்ரஜன்’ என்ற சொல் தடித்த எழுத்தில் இருந்தது. எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: “ஒரு டன் இரும்புக்கு எத்தனை கிலோ ஹைட்ரஜன் வேணும்?”

பெரும்பாலானவர்கள் புவி வெப்பமயமாதல் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு பெண் மட்டும், “ஒரு பேப்பர் தருவீங்களா சார்?” என்றார். நான்கு வரி எழுதினார். ஹேமடைட் தாதுவில் இரண்டு இரும்பு அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு. அந்த மூன்றையும் பிடுங்கித் தண்ணீராக மாற்ற மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறு. அதாவது 112 கிராம் இரும்புக்கு 6 கிராம் ஹைட்ரஜன். டன்னுக்கு ஏறக்குறைய 54 கிலோ. “இது தியரி சார். பிளான்ட்ல இன்னும் கொஞ்சம் கூடப் போகும்” என்று சொல்லிவிட்டுப் பேனாவை வைத்தார்.

வேலை அவருக்குத்தான். மற்றவர்கள் படிப்பில் குறைந்தவர்கள் இல்லை. இரண்டு பேர் மார்க்கில் அவரை முந்தியவர்கள். கணக்கு கையில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தத் துறையில் ஆள் தேவை வரப்போகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உலகம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் 7 சதவீதம் இரும்பு, எஃகுத் தொழிலிலிருந்து வருகிறது. ஒரு டன் எஃகுக்கு உலக சராசரி 1.9 டன் கார்பன் டை ஆக்சைடு. மத்திய எஃகு அமைச்சகம் 2024-இல் சொன்ன இந்திய சராசரி 2.54 டன். சீனாவுக்கு அடுத்து அதிகமாக எஃகு காய்ச்சும் நாடு நம்முடையது. 2030-31க்குள் உற்பத்தித் திறனை 30 கோடி டன்னாக உயர்த்துவது 2017-இன் தேசிய எஃகுக் கொள்கையில் உள்ள இலக்கு. ஆலைகள் பெருகவும் வேண்டும், புகை குறையவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வேலை இருக்கிறது. அதே வேலைக்கு ரூர்கேலாவிலிருந்தும் ராய்ப்பூரிலிருந்தும் ஆள் வருவார்கள், அதுவும் ஃபர்னஸ் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள். அவர்களைத் தாண்டி நிற்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

1. கணக்கைப் பாதியில் விடாதீர்கள்

54 கிலோ என்பது ஆரம்பம். அடுத்த கேள்வி: அந்த ஹைட்ரஜனுக்கு எவ்வளவு கரன்ட்? எலக்ட்ரோலைசரில் தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் ஆகும். 54-ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 2,700 முதல் 3,000 யூனிட் வரும். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் எரிக்கும் ஒரு வீடு இந்தக் கரன்ட்டில் ஒன்றரை வருஷம் ஓடும். அதன்மேல், கிடைத்த இரும்பை ஆர்க் ஃபர்னஸில் உருக்க, வாயுவைச் சூடேற்ற என்று சேர்த்தால் ஒரு டன் எஃகுக்கு 3,500 யூனிட் அளவில் போய் நிற்கும்.

இப்போது பணத்தைப் பாருங்கள். ஒரு யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கரன்ட்டுக்கு மட்டும் டன்னுக்கு 17,500 ரூபாய். யூனிட் விலை ஒரு ரூபாய் இறங்கினால் டன்னுக்கு 3,500 ரூபாய் மிச்சம். ஹைட்ரஜன் எஃகு விலை போகுமா போகாதா என்பதை ஃபர்னஸைவிட மின்சார ஒப்பந்தம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொண்டு பேசும் மெட்டலர்ஜிஸ்ட் அபூர்வம். நீங்கள் அந்த ஒருவராக இருங்கள்.

அடுத்தது கார்பன். பலரும் சறுக்குவது இங்கேதான். நம் கிரிட்டிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்குப் பின்னால் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. நிலக்கரி அனல் மின்சாரம்தான் காரணம். 3,500-ஐ 0.7-ஆல் பெருக்கிப் பாருங்கள். 2.45 டன். இன்றைய இந்திய சராசரிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டோம். கிரிட் கரன்ட்டை அப்படியே எடுத்து ஹைட்ரஜன் தயாரித்தால், புகை ஆலையின் புகைபோக்கியை விட்டு மின் நிலையத்தின் புகைபோக்கிக்கு இடம் மாறும், குறையாது. காற்றாலை, சோலார், நீர்மின்சாரம் இருந்தால்தான் இந்த வழிக்கே அர்த்தம் உண்டு. இன்டர்வியூவில் “ஹைட்ரஜன் எஃகு கிரீன்தானே?” என்று கேட்டால், “கரன்ட் எங்கிருந்து வருகிறது சார்?” என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

தண்ணீர்க் கணக்கும் கையில் இருக்கட்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோ தண்ணீர். ஒரு டன் இரும்புக்கு ஏறக்குறைய அரை டன். ஆனால் அந்த ஹைட்ரஜன் தாதுவின் ஆக்சிஜனோடு சேர்ந்து மறுபடி தண்ணீராகத்தானே வெளியே வருகிறது? அந்த வாயுவைக் குளிர வைத்தால் தண்ணீரைப் பிடித்துத் திரும்ப எலக்ட்ரோலைசருக்கு அனுப்பலாம்.

2. வேலையின் பெயரில் ‘ஹைட்ரஜன்’ தேடாதீர்கள்

வேலை தேடும் ஆப்பில் ‘கிரீன் ஹைட்ரஜன் ஸ்டீல்’ என்று டைப் செய்து, ஒன்றும் வரவில்லை என்று சோர்ந்துபோகும் பிள்ளைகளை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். தேட வேண்டிய சொற்கள் வேறு: டிஆர்ஐ, ஷாஃப்ட் ஃபர்னஸ், ரிஃபார்மர், எலக்ட்ரிக் ஆர்க் ஃபர்னஸ், பெல்லட், எலக்ட்ரோலைசர்.

ஏன் என்று சொல்கிறேன். பிளாஸ்ட் ஃபர்னஸ் எனும் ஊதுலையில் கோக் மூன்று வேலை செய்கிறது. சூடு தருகிறது. தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குகிறது. மேலே கொட்டிய சரக்கின் பாரத்தைத் தாங்கி, நடுவே காற்று போக வழி விடுகிறது. மூன்றாவது வேலையை ஒரு வாயுவால் செய்யவே முடியாது. அதனால் ஊதுலையில் ஹைட்ரஜனை ஓரளவுக்கு மேல் நுழைக்க முடியாது. டாடா ஸ்டீல் 2023 ஏப்ரலில் ஜாம்ஷெட்பூரில் ஓர் ஊதுலையில் ஹைட்ரஜனைச் செலுத்திப் பார்த்தது. அது கோக்கைக் குறைக்கும் முயற்சி, நிறுத்தும் முயற்சி இல்லை.

முழுக்க ஹைட்ரஜன் என்றால் ஷாஃப்ட் ஃபர்னஸ்தான். மேலே பெல்லட் போடுகிறோம், கீழிருந்து சூடான வாயு ஏறுகிறது. உருகாமலேயே, 800 முதல் 1,000 டிகிரி வெப்பத்தில், தாது இரும்பாகிறது. வெளியே வரும் உருண்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெல்லட் எந்த அளவில் உள்ளே போனதோ கிட்டத்தட்ட அதே அளவு, ஆனால் எடை குறைந்திருக்கும். ஆக்சிஜன் கிளம்பிப்போன இடமெல்லாம் நுண்துளை. உடைத்தால் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி இருக்கும். ஸ்பாஞ்ச் அயர்ன் என்று பெயர் வந்தது அதனால்தான். டிஆர்ஐ என்பதும் இதைத்தான்.

இந்த ஷாஃப்ட் ஃபர்னஸ் புதுசு இல்லை. மெக்சிகோவின் மான்டெரேயில் 1957-இலேயே இயற்கை எரிவாயுவை வைத்து, தாதுவை உருக்காமல் இரும்பு எடுத்தார்கள். மிட்ரெக்ஸ் என்ற ஷாஃப்ட் முறையின் முதல் ஆலை 1969-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஓடியது. ஹைட்ரஜனை மட்டுமே வைத்து இரும்பு எடுக்கும் ஆலையும் 1999-இல் டிரினிடாடில் கட்டப்பட்டது. அது ஷாஃப்ட் இல்லை, தூள் தாதுவை வாயுவில் மிதக்கவிடும் வேறு முறை. ஹைட்ரஜனும் இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்தது. இன்றைய ஹைட்ரஜன் ஷாஃப்ட்டுக்கும் நேற்றைய கேஸ் ஷாஃப்ட்டுக்கும் உள்ள ஒற்றுமை மிக அதிகம். கேஸில் ஓடும் ஒரு டிஆர்ஐ மாட்யூலில் மூன்று வருஷம் இருந்தவர், ஹைட்ரஜன் வரும்போது வரிசையில் முதலில் நிற்பார்.

நாட்டில் அதற்கான இடங்கள் இருக்கின்றன. குஜராத்தில் ஹசிரா, மகாராஷ்டிராவில் டோல்வி, கர்நாடகத்தில் பெல்லாரி பக்கம் விஜயநகர், ஒடிசாவில் அங்குல். அங்குலில் நிலக்கரியிலிருந்து வாயு தயாரித்து ஷாஃப்ட்டை ஓட்டுகிறார்கள். அந்த வாயுவில் ஹைட்ரஜன் ஏற்கெனவே ஒரு பெரிய பங்கு. விஜயநகரில் 25 மெகாவாட் எலக்ட்ரோலைசர் வைத்து, டிஆர்ஐ பிளான்ட்டுக்கு கிரீன் ஹைட்ரஜன் அனுப்பும் ஏற்பாடு வந்திருக்கிறது. நம் ஊர்ப் பையன்களுக்கும் பெண்களுக்கும் விஜயநகர் எட்டிவிடும் தூரம்தான். “வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் பார்க்கலாம்” என்று இருபத்திரண்டு வயதில் சொன்னால், அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார்.

3. செய்தியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

சுவீடனில் ஹைப்ரிட் என்ற கூட்டு முயற்சி 2016-இல் தொடங்கியது. தாது வெட்டும் எல்கேஏபி, எஃகு காய்ச்சும் எஸ்எஸ்ஏபி, மின்சாரம் தயாரிக்கும் வாட்டன்ஃபால் என மூன்று நிறுவனங்கள். 2020-இல் லூலியோ நகரில் பைலட் பிளான்ட். 2021 ஆகஸ்டில் அங்கிருந்து முதல் எஃகு வோல்வோவுக்குப் போனது. அடுத்த ஆண்டு பாறையைக் குடைந்து 100 கன மீட்டர் ஹைட்ரஜன் சேமிப்புக் குகையையும் ஓட்டிப் பார்த்தார்கள். செய்தி வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள்.

2025-இல் காற்று மாறியது. ஜெர்மனியின் தைசென்குரூப் ஹைட்ரஜன் வாங்கும் டெண்டரை மார்ச் மாதம் நிறுத்தி வைத்தது. ஆர்சிலர்மிட்டல், பிரேமன் மற்றும் ஐசன்ஹூட்டன்ஷ்டாட் ஆலைகளை மாற்றியமைக்கும் திட்டத்தை ஜூனில் கைவிட்டது. அரசு தருவதாக இருந்த 130 கோடி யூரோ மானியத்தையும் வேண்டாம் என்று விட்டது. ஹைட்ரஜன் எதிர்பார்த்த விலைக்கு இறங்கவில்லை, மின்சாரம் ஏறிக் கிடக்கிறது. முதல் பகுதியில் போட்ட கணக்குத்தான் அங்கே திட்டங்களை நிறுத்தியது.

இந்தியாவில் தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒப்புதல் கிடைத்தது. அதில் எஃகுத் துறை பைலட் திட்டங்களுக்கு 455 கோடி. நாளை இதிலும் ஏற்ற இறக்கம் வரும். ஆகவே, ஹைட்ரஜன் வந்தாலும் வராவிட்டாலும் விலை போகும் திறமையைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஷாஃப்ட் ஃபர்னஸ், ஆர்க் ஃபர்னஸ், பவர் எலக்ட்ரானிக்ஸ், கேஸ் சேஃப்டி, கார்பன் கணக்கு ஆகிய ஐந்துக்கும் நாளை திட்டம் ரத்தானாலும் சம்பளம் உண்டு. ‘ஹைட்ரஜன் எவாஞ்சலிஸ்ட்’ என்று லிங்க்ட்இன்னில் போட்டுக்கொண்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

4. உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் சாவியைப் பாருங்கள்

மெட்டலர்ஜி படித்தவர்களுக்கு மட்டும்தான் இந்த வழி என்று நினைக்க வேண்டாம்.

நீங்கள் வெல்டரா? ஹைட்ரஜன் மிகச் சின்ன மூலக்கூறு. இயற்கை எரிவாயு நிற்கும் ஜாயின்ட்டில் ஹைட்ரஜன் கசியும். அதோடு, வலிமை கூடிய சில எஃகு வகைகளுக்குள் புகுந்து அவற்றை நொறுங்க வைக்கும். அதனால் பைப் மெட்டீரியல், வெல்டிங் முறை, வெல்டிங்குக்குப் பிந்தைய ஹீட் ட்ரீட்மென்ட் எல்லாவற்றிலும் கெடுபிடி அதிகம். திருச்சி பாய்லர் தொழிலைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளில் இருக்கும் ஹை-பிரஷர் வெல்டர்களுக்கு இந்த ஒழுங்கு கையிலேயே ஊறியது. அங்கே பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. 6ஜி தகுதியோடு, ஹைட்ரஜன் பைப்பிங்குக்கான ஏஎஸ்எம்இ பி31.12 என்ன கேட்கிறது என்று சொல்லத் தெரிந்த வெல்டருக்கு, வெறும் 6ஜி வெல்டரைவிட ஒரு படி மேலே ரேட் பேச முடியும். என்டிடி லெவல் 2 வைத்திருந்தால் இன்ஸ்பெக்‌ஷன் பக்கமும் நகரலாம்.

மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ அனல் மின் நிலையத்தில் டிஎம் பிளான்ட் பார்த்த கெமிஸ்டா? எலக்ட்ரோலைசர் குடிப்பது உப்பு நீக்கிய சுத்தத் தண்ணீரை மட்டும்தான். கண்டக்டிவிட்டி ஏறினால் ஸ்டாக் கெடும். அதை மாற்றும் செலவு பெரிது. ரெசின், ரீஜெனரேஷன், சிலிகா அளவு என்று நீங்கள் தினமும் பார்த்த அதே வேலை. ரெஸ்யூமேயில் அதை ‘எலக்ட்ரோலைசர் ஃபீட் வாட்டர்’ என்ற தலைப்பின்கீழ் எழுதுங்கள். பொய் இல்லை, வாங்குபவருக்குப் புரியும் பெயரைத்தான் கொடுக்கிறோம்.

எலக்ட்ரிகல்காரர்கள் ரெக்டிஃபையரைப் பிடியுங்கள். எலக்ட்ரோலைசர் முழுக்க டிசி. நூற்றுக்கணக்கான மெகாவாட் டிசி என்றால் ரெக்டிஃபையர், ஹார்மோனிக்ஸ், பவர் ஃபேக்டர் எல்லாம் தலைவலி. பக்கத்திலேயே ஆர்க் ஃபர்னஸ் லோடு குதிக்கும். இரண்டையும் ஒரே சப்ஸ்டேஷனில் வைத்துச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

மெல்ட் ஷாப் ஆட்களுக்கு ஒரு குறிப்பு. கேஸில் செய்த டிஆர்ஐயில் கொஞ்சம் கார்பன் இருக்கும். அது ஆர்க் ஃபர்னஸில் ஆக்சிஜனோடு சேர்ந்து குமிழியிட்டு ஸ்லாக்கை நுரைக்க வைக்கும். அந்த நுரை ஆர்க்கை மூடிக்கொண்டு சூட்டை உள்ளே நிறுத்தும். முழு ஹைட்ரஜன் டிஆர்ஐயில் கார்பன் இல்லை. நுரை வர வெளியிலிருந்து கார்பன் போட வேண்டும். ஒரு ஹீட்டுக்கு எவ்வளவு, எந்த நேரத்தில், என்ன வடிவில் என்பதெல்லாம் கைப்பழக்கம் சார்ந்தது. உங்கள் லாக் புக்கில் இன்றிலிருந்தே கார்பன் இன்ஜெக்‌ஷனையும் பவர் கன்சம்ப்ஷனையும் ஹீட் வாரியாக எழுதி வையுங்கள். ஐந்நூறு ஹீட் டேட்டா உங்கள் பையில் இருந்தால் அதுவே ரெஸ்யூமே. கம்பெனியின் ரகசிய டேட்டாவை வெளியே எடுத்துப் போகச் சொல்லவில்லை; உங்கள் தலையில் படிந்த பேட்டர்னைத்தான் சொல்கிறேன்.

தாது பக்கம் வாய்ப்பு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஷாஃப்ட்டுக்கும் ஆர்க் ஃபர்னஸுக்கும் 67 சதவீத இரும்புச் சத்துள்ள பெல்லட் உகந்தது. நம் தாதுவில் அலுமினா அதிகம், சத்து பெரும்பாலும் அதற்குக் கீழே. தரம் குறைந்த பெல்லட் போட்டால் ஸ்லாக் கூடும், கரன்ட் கூடும், இரும்பும் ஸ்லாக்கோடு போகும். ஆகவே பெனிஃபிசியேஷன், பெல்லட் பிளான்ட் இரண்டுக்கும் மதிப்பு ஏறும். மங்களூரின் கேஐஓசிஎல் பெல்லட் பிளான்ட் போன்ற இடங்களில் கற்றவருக்கு எதிர்காலத்தில் நல்ல பேரம் இருக்கும்.

5. சேஃப்டியைத் தியரியாகப் படிக்காதீர்கள்

நான் ட்ரெய்னியாக இருந்த ஒரு பிளான்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஐப்பசி மழை. டிஆர்ஐ குவித்து வைத்திருந்த ஷெட்டின் கூரை ஒரு மூலையில் ஒழுகியது. யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள் இரவு ஷிஃப்டில் குவியலின் நடுவிலிருந்து ஆவி வந்தது. நெருங்கினால் முகத்தில் அனல். மண்வெட்டியால் ஒருவர் லேசாகக் கிளறியபோது உள்ளே செக்கச் சிவந்திருந்தது. நான் ஓடிப்போய் ஹோஸ் பைப்பை இழுத்தேன். ஃபோர்மேன் என் கையை எட்டிப் பிடித்தார். “தண்ணி விடாத தம்பி! விட்டா ஹைட்ரஜன் கெளம்பும்!” லோடரை வரவழைத்துக் குவியலை மெல்லப் பரப்பி, அடுக்கடுக்காக ஆறவைத்தோம். விடியும்வரை யாரும் உட்காரவில்லை.

அந்த நுண்துளை இரும்பு ஈரத்தைப் பார்த்தால் திரும்பத் துருவாக மாறத் துடிக்கும். மாறும்போது சூடு வரும், சூட்டில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வரும். புத்தகத்தில் அது ‘ரீஆக்சிடேஷன்’ என்ற ஒரே வார்த்தை. அந்த ஷெட்டில் நின்றவனுக்கு அது வேறு.

ஹைட்ரஜன் ஆலைக்குப் போகிறீர்கள் என்றால் சில எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்தால் தீப்பிடிக்கும். இயற்கை எரிவாயுவுக்கு இந்த வரம்பு 5 முதல் 15 வரைதான். ஹைட்ரஜன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. தீக்குள் கை போனபிறகுதான் தெரியும். டிடெக்டர்கள் வருவதற்கு முன்னால் ஒரு துடைப்பத்தை முன்னே நீட்டிக்கொண்டு பைப் ஓரமாக நடந்திருக்கிறார்கள். துடைப்பம் பற்றிக்கொண்டால் அங்கே லீக். இதை ஓர் இன்டர்வியூவில் சொன்ன பையனை பேனலில் எல்லாரும் நினைவு வைத்துக்கொண்டார்கள். அவர் சொன்னதோடு நிற்கவில்லை. இன்று அந்த இடத்தில் எந்த வகை ஃப்ளேம் டிடெக்டர் வைக்கிறார்கள் என்றும் சொன்னார்.

ஹசாப் (ஆலையில் எது எப்படித் தவறலாம் என்று குழுவாக அலசுவது) என்றால் என்ன, எப்படி உட்காருவார்கள், யார் என்ன கேட்பார்கள் என்பதை ஒரு ஹசாப் கூட்டத்தில் குறிப்பெடுப்பவராகவாவது இருந்து பாருங்கள். வெடிபொருள், அழுத்த வாயு லைசென்ஸுக்கு பெசோ அமைப்பிடம் என்ன பேப்பர் போக வேண்டும் என்று தெரிந்து வையுங்கள். ப்ராஜெக்ட் மேனேஜர்கள் இதற்குத்தான் ஆள் தேடி அலைகிறார்கள்.

6. கார்பன் கணக்குப்பிள்ளைக்கு இன்றே சம்பளம் இருக்கிறது

ஹைட்ரஜன் ஆலை கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகும். கார்பன் கணக்கு இப்போதே வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய யூனியனின் எல்லைக் கார்பன் வரி முறை 2023 அக்டோபரில் அறிக்கை கேட்பதோடு தொடங்கியது. 2026 ஜனவரி 1 முதல் பணம் கட்டும் கட்டம். எஃகு மட்டும் இல்லை. ஸ்க்ரூ, போல்ட், நட் வரை அந்தப் பட்டியலில் இருக்கிறது. சென்னை, கோவைப் பக்கம் ஐரோப்பாவுக்கு போல்ட் அனுப்பும் சின்ன யூனிட்டுக்கும், ‘உன் எஃகு டன்னுக்கு எத்தனை டன் கார்பன்?’ என்ற கேள்வி வந்துவிட்டது.

இங்கேயும் 2024 டிசம்பரில் எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கு வரையறை கொண்டுவந்தது. டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால்தான் பசுமை எஃகு. 2.0 முதல் 2.2 வரை மூன்று ஸ்டார், 1.6 முதல் 2.0 வரை நான்கு, 1.6-க்கும் கீழே ஐந்து. சான்று தரும் பொறுப்பு என்ஐஎஸ்எஸ்டி நிறுவனத்திடம்.

இந்த வேலைக்கு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எக்செல் தட்டினால் போதாது. வேபிரிட்ஜ் ஸ்லிப், நிலக்கரி லேப் ரிப்போர்ட், கரன்ட் பில், வெளியில் வாங்கிய ஆக்சிஜன் கணக்கு, ஸ்டாக் யார்டில் கிடக்கும் மீதி என ஐந்து இடத்திலிருந்து எண் சேகரிக்க வேண்டும். ஐந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஷிஃப்ட் இன்சார்ஜிடம் தேநீர் வாங்கிக் கொடுத்து, “அண்ணே, அந்த மூணு நாள் ரீடிங் ஏன் குறைஞ்சிருக்கு?” என்று கேட்டு உண்மையை வாங்கத் தெரிந்தவர்தான் நல்ல கார்பன் கணக்காளர். பிஇஇ எனர்ஜி ஆடிட்டர் தேர்வு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எஃகு ஆலைக்கான ஐஎஸ்ஓ 14404 முறையைப் படியுங்கள். பி.காம். முடித்த காஸ்ட் அக்கவுன்டன்ட்டுக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. அவரிடம் இல்லாதது பிளான்ட் அறிவு. இன்ஜினீயரிடம் இல்லாதது கணக்கு ஒழுங்கு. எது உங்களிடம் இல்லையோ அதை ஆறு மாதத்தில் நிரப்புங்கள்.

7. படிப்பு, பயிற்சி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்பிடெல்லில் அயர்ன் மேக்கிங், ஸ்டீல் மேக்கிங் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுசாக ஒன்றை முடியுங்கள். பாதியில் விட்ட ஐந்து எதற்கும் உதவாது. கேட் எழுதினால் மெட்டலர்ஜி பேப்பர் இருக்கிறது. சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி, சேலம் அரசு பொறியியல் கல்லூரி, கோவை பிஎஸ்ஜி ஆகிய இடங்களில் மெட்டலர்ஜி துறை உண்டு. அங்கே படிக்காதவர்களும் பேராசிரியர்களுக்கு நேரடியாக எழுதி ப்ராஜெக்ட் கேட்கலாம். மெயில் ஐந்து வரிக்கு மேல் போக வேண்டாம். முதல் வரியில் நீங்கள் போட்ட ஒரு கணக்கைச் சொல்லுங்கள். கோடை விடுமுறையில் சேலம் வட்டாரத்து எஃகு ஆலைகளில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால், ஏசி கண்ட்ரோல் ரூமை விட்டு ஃப்ளோருக்கு இறங்குங்கள். ஹிந்தி பேசப் பழகுங்கள். அங்குலிலும் ஹசிராவிலும் ஃபர்னஸ் பக்கத்தில் இங்கிலீஷ் எடுபடாது.

8. சம்பளத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்

ஆஃபர் கையில் வந்தவுடன் எல்லாரும் சிடிசி பேசுவார்கள். பேசுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். ஷிஃப்ட் அலவன்ஸ், குவார்ட்டர்ஸ், பாண்ட் எத்தனை வருஷம் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். அதன்பிறகு ஒன்று கேளுங்கள்: “என்னை கமிஷனிங் டீமில் போடுவீர்களா?”

ஓடும் பிளான்ட்டில் சேர்ந்தவருக்கு ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியும். கமிஷனிங்கில் இருந்தவருக்கு அந்த ஸ்விட்ச் ஏன் அங்கே வைக்கப்பட்டது என்று தெரியும். முதல் பர்ஜிங், முதல் லீக் டெஸ்ட், முதல் முறை கேஸ் உள்ளே விட்டபோது ட்ரிப் ஆன காரணம், வெண்டரின் இன்ஜினீயர் ராத்திரி இரண்டு மணிக்கு ட்ராயிங்கைத் திருத்தி எழுதிய இடம் என்று இதெல்லாம் வேறு எங்கும் கிடைக்காது. ஹைட்ரஜன் ஷாஃப்ட்டை ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தவர்கள் நாட்டில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். அடுத்த ஆலை கட்டுபவர் முதலில் அவர்களுக்குத்தான் போன் போடுவார்.

கமிஷனிங் என்றால் எட்டு மாதம் வீட்டு விசேஷத்துக்குப் போக முடியாது. தூக்கம் கெடும். சாப்பாடு கேன்டீன் ரொட்டிதான். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பெண் இப்போது அப்படியொரு டீமில்தான் இருக்கிறார். போன மாதம் போனில் பேசினார். “சார், டன்னுக்கு 54ன்னு எழுதினேனே, எங்க மீட்டர்ல அதுக்கு மேல காட்டுது. வித்தியாசம் எங்க போகுதுன்னு இன்னிக்கு நைட் ஷிஃப்ட்ல தேடப் போறேன்” என்றார்.